கொல்லத் தெரியாத வாள்கள்

ஐரோப்பாவின் பழைய பயிற்சிக் கூடங்களில் புழங்கிய மழுங்கிய வாள்களில் சிலவே மிஞ்சியிருக்கின்றன. மறந்துபோன ஒரு கலையை மீட்க முயல்கிறவர்களுக்கு அவைதான் பிடிமானம்.

வாள் பார்க்க மியூசியத்துக்குப் போகிறவர்கள் வழக்கமாகத் தேடுவது தங்கப் பூண் போட்ட பிடியையும், அதை ஏந்திய மன்னரின் பெயரையும்தான். ஜூரிச்சில் உள்ள ஸ்விஸ் தேசிய மியூசியத்திலும் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்திலும் இருக்கும் சில நீண்ட வாள்களில் இரண்டுமே இல்லை. விளிம்பில் கூர் கிடையாது. முனை மொண்ணை. அலகு மெலிந்து, கொல்லர் பாதியில் விட்டுவிட்டுப் போனது போல இருக்கும். ஆனால் பழைய ஐரோப்பிய வாள்வீச்சை ஆராய்கிறவர்களுக்கு ராஜாவின் வாளைவிட இவைதான் முக்கியம்.

காரணம், இவை யாரையும் கொல்வதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. 15-ம் நூற்றாண்டு முதல் 17-ம் நூற்றாண்டு வரை ஜெர்மன் மொழி பேசிய நகரங்களில், இரு கைகளால் பிடித்து வீசும் நீண்ட வாளைக் கற்றுக்கொள்ள உதவிய பயிற்சிக் கருவிகள். இன்று இவற்றுக்கு 'ஃபெடர்' என்று பெயர். ஜெர்மனில் அதற்கு இறகு என்று அர்த்தம்.

இறகு என்றாலும் கையில் எடுத்தால் பொம்மை அல்ல. சுமார் ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ எடை. நிற்க வைத்தால் ஓர் ஆளின் மார்பைத் தொடும் உயரம். சூட்சுமம் அலகில் இருக்கிறது. கைகாப்பை ஒட்டி அது திடீரென இருபுறமும் அகன்று, சின்னக் கேடயம் போலத் தெரியும். அதைத் தாண்டியதும் ஒடுங்கி, முனையை நோக்கிப் போகப்போக மெலிகிறது. அகன்ற பகுதி எடையைக் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதால், வீசுகிறவர் வேகத்தைச் சுலபமாக அடக்க முடிகிறது. மெலிந்த பகுதி, எதிராளியின் உடம்பில் முட்டினால் உள்ளே இறங்காமல் வில்லாக வளைகிறது. விளிம்பு தட்டையாக இருப்பதால் வாளோடு வாள் மோதும்போது ஆழமாக வெட்டுப்படுவதும் குறைவு.

இதை ஏந்தியவர்கள் பிரபுக்கள் மட்டுமல்ல. பெரும்பாலும் கைவினைஞர்கள்: கம்பளித்தோல் தைப்பவர்கள், கத்தி செய்பவர்கள். அவர்களுக்கென்று சங்கங்கள் இருந்தன. ஃபிராங்ஃபர்ட்டை மையமாகக் கொண்ட 'மார்க்ஸ் சகோதரர்கள்' 1487-ல் பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக்கிடம் சாசனம் வாங்கினார்கள். அவர்களிடம் தேர்வு கொடுக்காமல் யாரும் வாள் ஆசான் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்த ஏகபோகத்துக்குப் போட்டியாக 1570 வாக்கில் பிராகில் கிளம்பிய 'ஃபெடர்ஃபெக்டர்' சங்கத்துக்கு 1607-ல் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் அங்கீகாரம் தந்தார்.

நகர சபையிடம் அனுமதி வாங்கி இவர்கள் பொதுப் போட்டிகள் நடத்தினார்கள். பரிசுக்கான அளவுகோல் ரத்தம்: எதிராளியின் உடம்பில் மிக உயரமான இடத்தில் ரத்தக் காயம் உண்டாக்கியவருக்கு வெற்றி. முகமூடி கிடையாது. மழுங்கிய வாள் என்றாலும் மண்டை உடையும். அதனால்தான் விதிகளும் கறாராக இருந்தன. குத்தக் கூடாது, கையை முறிக்கக் கூடாது. போர்க்களத்தைத் துப்பாக்கியும் நீள ஈட்டியும் பிடித்துக்கொண்ட காலம் அது. நீண்ட வாள் மெல்ல மெல்ல விளையாட்டாகிக்கொண்டிருந்தது.

அந்த விளையாட்டைக் காகிதத்தில் பிடித்துவைத்தவர்கள் கொடுத்த விலை அதிகம். ஸ்ட்ராஸ்பர்கில் கத்தி செய்து பிழைத்த யோவாக்கிம் மேயர், 1570-ல் கடன் வாங்கி ஒரு பெரிய பயிற்சி நூலை அச்சிட்டார். அதில் உள்ள மரச்செதுக்குப் படங்களில் மாணவர்கள் ஏந்தி நிற்பது இதே ஃபெடர்தான். கடனை அடைக்க வழி தேடி ஷ்வெரின் கோமகனிடம் வேலைக்குப் போன மேயர், 1571 பிப்ரவரியில் இறந்துபோனார். கடன் குடும்பத்தின் தலையில் விழுந்தது. ஆக்ஸ்பர்க் நகர அதிகாரி பவுலுஸ் ஹெக்டர் மையரின் கதை இன்னும் மோசம். வாள்வீச்சுச் சுவடிகளைத் தொகுக்கவும் ஆடம்பரமாக வாழவும் நகரத்தின் கஜானாவில் கைவைத்தவரை 1579-ல் தூக்கில் போட்டார்கள். அவர் தொகுத்த சுவடிகள் மட்டும் டிரெஸ்டன், மூனிச், வியன்னா நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன.

நூல்கள் பிழைத்த அளவுக்கு வாள்கள் பிழைக்கவில்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. வேலைக்காரக் கருவியை யார் பாதுகாப்பார்கள்? தினமும் அடிபட்டு விளிம்பு சிதையும், அரத்தால் ராவி மறுபடி உபயோகிப்பார்கள், ஒருநாள் உடையும், உலைக்குப் போகும். மன்னரின் வாளைப் போல அலங்காரத்துக்காகச் சுவரில் மாட்டிவைக்க இதில் ஒன்றும் இல்லை.

அந்த இழப்பின் கனம் தெரிய சில நூற்றாண்டுகள் ஆயின. நீண்ட வாளை ஆசானிடமிருந்து மாணவன் கற்ற மரபு அறுந்துவிட்டது. 1990-களிலிருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆர்வலர்கள் மேயரின் நூலையும் பழைய சுவடிகளையும் வைத்துக்கொண்டு அதை மறுபடி கட்டியெழுப்பி வருகிறார்கள். ஆனால் புத்தகம் கால் எங்கே, கை எங்கே என்று சொல்லும். வாளின் எடை, எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் கனம், எங்கே வளையும் என்பதைப் படம் சொல்லாது. அதற்கு மிஞ்சிய அசல்களை அளந்தாக வேண்டும்.

இது வெறும் பழம்பெருமை ஆராய்ச்சி அல்ல. அளவு தப்பி விறைப்பாக வார்க்கப்பட்ட ஒரு நகல், குத்தும்போது வளையாமல் விலா எலும்பைப் பதம் பார்த்துவிடும். இன்றைய வீரர்கள் இரும்பு வலை முகமூடியும் பஞ்சு அடைத்த சட்டையும் போட்டுக்கொண்டுதான் களத்தில் இறங்குகிறார்கள். அதற்குப் பிறகும் அவர்களது பாதுகாப்பில் பாதி, அந்த அலகு வளைவதில்தான் இருக்கிறது.

இந்த நகல்களும் தினமும் அடிபடுகின்றன. விளிம்பு சிதைகிறது, அரத்தால் ராவுகிறார்கள், உடைந்ததைத் தூக்கிப் போடுகிறார்கள். அசல்கள் ஏன் இத்தனை குறைவாக மிஞ்சின என்ற கேள்விக்கு விடை தேடி மியூசியத்துக்குப் போக வேண்டியதில்லை.