கவசமுள்ள நெட்வொர்க் ஜாக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



நெட்வொர்க் என்றாலே பெரிய நகரத்துச் சமாச்சாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் எங்கள் மேலூர் வட்டத்துக் கிராமங்களுக்கு 2001-லேயே இண்டர்நெட் வந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லா முறையில், 'சாரி' திட்டத்தின் கீழ் கிராமத்து மையங்கள் இயங்கின. கண் நோயாளிகளின் படங்களை அங்கிருந்தே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அன்று இணைப்பு டவரிலிருந்து காற்றில் வந்தது. இன்று கண்ணாடி இழையில் வந்தாலும், பெட்டியிலிருந்து நம் போர்டுக்கு வருவது பெரும்பாலும் எட்டுக் கம்பி கேபிள்தான். அதைச் செருகும் ஆர்.ஜே. 45 ஜாக்கைப் பற்றியே இக்கட்டுரை.

கவசம் எதற்கு?

எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வராத மாதங்களில் எங்களுக்குக் கிணற்று மோட்டார்தான் கதி. அந்த மோட்டாரைக் கண்காணிக்க ஒரு போர்டு செய்கிறோம் என்று வையுங்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும்போதெல்லாம் போர்டு ஹேங் ஆனால், காய்வது பயிர்!

ஸ்டார்ட்டரின் மின் இரைச்சல் கேபிள் வழியாக உள்ளே வரும். நம் போர்டின் கிரிஸ்டல் இரைச்சலும் அதே வழியில் வெளியே போகும். இரண்டையும் தடுக்கத்தான் ஜாக்கைச் சுற்றி உலோகக் கூடு. ஆனால் கவசம் வயலின் வடிகால் மாதிரி. போய்ச் சேர இடமில்லாவிட்டால் வெட்டியும் பிரயோஜனமில்லை. ஆகவே ஜாக்கைப் பார்க்கும் முன் எர்த் எங்கே என்று பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. பெட்டி: உலோகப் பெட்டி என்றால், பெட்டியைத் தொடும் ஸ்பிரிங் நாக்குகள் உள்ள ஜாக் நல்லது. பிளாஸ்டிக் என்றால், கவசத்துக்குப் போர்டில் தனிச் செம்புப் பரப்பு ஒதுக்கி எர்த்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கும் சிக்னல் கிரவுண்டுக்கும் நடுவே 1000 பிக்கோ ஃபாரட், 2 கிலோவோல்ட் கெபாசிட்டர் போடுவது வழக்கம்.

2. கேபிள்: சாதா கேபிளைச் செருகினால் கவசம் ஜாக்கோடு நின்றுவிடும். கேபிளும் அதன் பிளக்கும் கவசமுள்ளவையாக இருக்க வேண்டும். தனித்தனி எர்த் உள்ள இரண்டு கட்டடங்களை இப்படி இணைத்தால், கவசத்திலேயே கரண்ட் ஓடும். அங்கே கண்ணாடி இழையே உத்தமம்.

3. டிரான்ஸ்ஃபார்மர்: சில ஜாக்குகளுக்குள்ளேயே இது இருக்கும். போர்டில் தனியாக இருந்தால் வெறும் ஜாக் போதும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பி, கிகாபிட்டுக்கு நான்கு ஜோடி. பார்த்து வாங்குங்கள். ஐ.இ.இ.இ. 802.3 விதிப்படி மின் பிரிப்பு 1500 வோல்ட்டை ஒரு நிமிடம் தாங்க வேண்டும். அதற்காக இடி மின்னலையும் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. அதற்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும்.

4. கேபிளிலேயே மின்சாரம்: 2003-இல் வந்த 802.3ஏ.எஃப். முறையில், அனுப்பும் பக்கத்தில் 15.4 வாட் வரை தரலாம். இது வேண்டுமென்றால் அதற்கென்று செய்த ஜாக்கையே கேட்க வேண்டும்.

5. பொருத்துதல்: பிளக்கின் கொக்கி மேலே வரும் ஜாக், கீழே வரும் ஜாக் என இரு வகை. பின் வரிசை மாறும். டேட்டா ஷீட்டைப் பார்த்த பிறகே போர்டு வரையுங்கள். அடிக்கடி கழற்றி மாட்டும் இடத்தில், கவசக் கால்கள் துளைக்குள் இறங்கும் வகையே உறுதி. அந்தக் கால்களைச் சேர்ந்த செம்புப் பரப்பு சூட்டை உறிஞ்சிவிடும். சோல்டர் நன்றாக உருகி ஓடியதா என்று பாருங்கள்.

எனவே நண்பர்களே, புராஜெக்டுக்கு ஜாக் வாங்கக் கடைக்குப் போகும்போது "ஷீல்டு உள்ளது கொடுங்க" என்பதோடு நிறுத்த வேண்டாம். பெட்டி எது, கேபிள் எது, எர்த் எங்கே என்று முதலில் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். மூன்றுக்கும் விடை கிடைத்தால், எந்த ஜாக் என்பது தானே தெரிந்துவிடும்!