பேசக் கூசும் ஒரு பிணி

ரண சிகிச்சை முடிந்து ஒரு பெண்மணி வீடு திரும்பியதும், பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குக் குறைவே இல்லை. எந்த டாக்டர்? எத்தனை தையல்? எவ்வளவு செலவு? எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். "மலம் சிரமமில்லாமல் போகிறதா?" என்று மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அபூர்வமாக யாராவது கேட்டாலும், நோயாளி தலையைக் குனிந்துகொண்டு, "போகிறது, போகிறது" என்று பேச்சை முடித்துவிடுவாள். உண்மையில் நான்கு நாளாகப் போயிருக்காது.

இந்த மௌனம் சாதாரணமானதன்று. கர்ப்பப்பையை எடுத்த பிறகும், கர்ப்பப்பை இறக்கத்திற்காக உள்ளே தையல் போட்ட பிறகும், மலச்சிக்கல் என்பது வெறும் அசௌகரியமாக நின்றுவிடுவதில்லை. மலம் இறுகிப் போனால் முக்க வேண்டியிருக்கிறது. முக்கும்போது வயிற்றினுள் உண்டாகும் அழுத்தம் முழுவதும் அடிவயிற்றின் தளத்தின்மேல், அதாவது புதிதாகத் தைத்த இடத்தின்மேலேயே போய் விழுகிறது. அதனால் வலி அதிகப்படும். இரத்தக் கசிவு ஏற்படலாம். வாரக்கணக்கில் இப்படியே முக்கி வந்தால், இறக்கத்தைச் சரி செய்த இடமே மறுபடியும் தளர்ந்துபோக இடமுண்டு. ஆகவே நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய சூத்திரம் ஒன்றே: மலத்தை இளக வைக்க வேண்டும், முக்கித் தள்ளக் கூடாது. அதையும் சிக்கல் முற்றிய பிறகு அல்ல, முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டும்.

இதைப் பற்றிப் பேச வெட்கம் எதற்கு? மகாத்மா காந்தி 1925-ஆம் ஆண்டு முதல் வாரந்தோறும் எழுதி வந்த சுயசரிதையில், தமக்கு மலச்சிக்கல் இருந்ததையும், அதற்குத் தாம் செய்து பார்த்த மண் சிகிச்சையையும் உலகம் அறிய எழுதிவிட்டார். அவருக்கு இல்லாத கூச்சம், சொந்த டாக்டரிடம் பேசுவதற்கு நமக்கு வேண்டியதில்லை.

காரணம் என்ன?

பெருங்குடலின் முக்கியமான வேலை, ஜீரணித்து மிஞ்சிய சக்கையிலிருந்து ஜலத்தை உறிஞ்சிக்கொள்வது. சக்கை எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறதோ அவ்வளவுக்கு வறண்டு இறுகிவிடும். ரண சிகிச்சைக்குப் பிறகு அது தங்குவதற்குப் பல காரணங்கள் ஒன்றுகூடுகின்றன. மயக்க மருந்தும் சிகிச்சையின் அதிர்ச்சியும் சேர்ந்து குடலின் அசைவைச் சில தினங்களுக்கு மந்தப்படுத்துகின்றன. மார்பைன், டிரமடால், கோடீன் போன்ற வலி மருந்துகள் அதை இன்னும் மந்தமாக்குகின்றன. இரத்த சோகைக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும், வாந்தியை நிறுத்தும் சில மருந்துகளுக்கும் அதே குணம் உண்டு. போதாக்குறைக்கு ஆகாரம் குறைவு, நடமாட்டம் குறைவு.

இவற்றோடு பயம் என்ற ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. தையல் பிரிந்துவிடுமோ என்று அஞ்சி, உந்துதல் வரும்போது நோயாளி அடக்கிக்கொள்கிறாள். அடிக்கடி எழுந்து போக வேண்டாமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறாள். இரண்டுமே மலத்தை மேலும் இறுக்கும். எதற்குப் பயந்தாளோ அதையே வலிய அழைத்து வருகிறாள்!

முதல் முறை மலம் கழிய இரண்டு மூன்று நாட்கள் ஆவது இயல்புதான். அதற்காகக் கவலை வேண்டாம். தினந்தோறும் போயே தீரவேண்டும் என்பதும் இல்லை. சிரமமில்லாமல் போனால், வாரத்தில் மூன்று முறை போவதும் ஆரோக்கியத்துக்கு அடையாளமே.

படுக்கையும் நடையும்

முன்காலத்தில் வயிற்றில் ரண சிகிச்சை செய்துகொண்டவர்களை நெடுநாள் படுக்கையிலேயே கிடத்தி வைத்தார்கள். சிக்காகோ நகரத்து டாக்டர் எமில் ரீஸ் 1899-ஆம் ஆண்டிலேயே இந்த வழக்கத்தை எதிர்த்து, நோயாளியைச் சீக்கிரம் எழுந்து நடமாட விடவேண்டும் என்று எழுதினார். அது பொது வழக்கமாக ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. பிறகு 1990-களில் டென்மார்க் தேசத்து டாக்டர் ஹென்ரிக் கெலட், சீக்கிரம் நடப்பது, சீக்கிரம் ஆகாரம் கொள்வது, மார்பைன் வகை மருந்தைக் குறைப்பது ஆகிய மூன்றையும் வேறு சில முறைகளோடு சேர்த்து ஒரே திட்டமாக வகுத்தார். இன்று பல ஆஸ்பத்திரிகள் அந்த வழியைப் பின்பற்றுகின்றன.

ஆகையால் டாக்டர் அனுமதித்த உடனே, அறைக்குள்ளும் தாழ்வாரத்திலும் மெதுவாக நடக்க வேண்டும். ஒரேயடியாக நெடுந்தூரம் நடப்பதைவிட, ஐந்து நிமிஷமாகப் பல தடவை நடப்பது மேல். நடை வேண்டும் என்பதற்காகத் தண்ணீர்க் குடத்தையும் அரிசி மூட்டையையும் தூக்கிக்கொண்டு நடக்கலாகாது. பாரம் தூக்குவதும் முக்குவதும் அடிவயிற்றைப் பொறுத்தவரை ஒன்றுதான். சுமார் 6 வாரங்களுக்கு, அல்லது டாக்டர் குறித்த காலம் வரையில், அந்த வேலையை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளட்டும்.

ஆகாரம்

தண்ணீர் குடித்தால் புண் ஆறாது, பழம் தின்றால் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைப்பவர்கள் இன்னமும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அன்பினால் செய்கிற காரியந்தான், ஆனாலும் தவறானது. புண் ஆறுவதற்கும் மலம் இளகுவதற்கும் ஜலம் அவசியம். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும். மற்றவர்கள், மோர், ரசம், கஞ்சி எல்லாம் சேர்ந்து, நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை அருந்துவது நல்லது.

பப்பாளி, சாத்துக்குடி, ஊறவைத்த உலர்ந்த திராட்சை, கீரை, பீர்க்கங்காய், புடலங்காய் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரே நாளில் அளவுக்கு மீறி உண்டால் வயிறு உப்பிக்கொள்ளும். பார்க்க வருகிறவர்கள் ரொட்டி, பிஸ்கோத்து, சாத்துக்குடி மூன்றையும் வாங்கி வருவது வழக்கம். முதல் இரண்டையும் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டு, மூன்றாவதை நோயாளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். குடலையே வெட்டித் தைத்திருந்தால் மட்டும், ஆகார விஷயத்தில் டாக்டரின் வார்த்தையே முடிவு.

உட்காரும் முறை

ஆகாரம் வயிற்றுக்குள் போனதும் பெருங்குடல் தானே அசையத் தொடங்கும். ஆகவே காலை ஆகாரத்துக்கு அரை மணிக்குள் போய் உட்காருவது உசிதம். குந்தி உட்காருவதில் ஓர் அனுகூலம் உண்டு. ஆசனவாய்க்கு மேலே குடல் வளைந்திருக்கும் இடம் அப்போது நேராகி, வழி விடுகிறது. ஆனால் ரண சிகிச்சைக்குப் பிறகு கீழே குந்தி எழுந்திருப்பது சிரமம். உயரமான இருக்கையில் அமர்ந்து, பாதங்களின் கீழ் ஒரு சிறு முக்காலியை வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி செய்து, முன்னால் சாய்ந்து முழங்கை இரண்டையும் தொடைமேல் ஊன்றிக்கொண்டால், அதே அனுகூலம் கிடைக்கும்.

வயிற்றில் தையல் இருந்தால் மடித்த துவாலையை அதன்மேல் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம். மூச்சை அடக்கக் கூடாது. வயிற்றைத் தளரவிட்டு, வாயால் நிதானமாக மூச்சை வெளியே விட வேண்டும். பத்து நிமிஷத்தில் போகவில்லையானால் எழுந்து வந்துவிடலாம். மறுபடி உந்துதல் வரும்போது போகலாம். வந்த உந்துதலை அடக்கலாகாது.

மருந்து

இவ்வளவு செய்தும் பலிக்காவிட்டால் மருந்து எடுப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. உண்மையில், பலமான வலி மருந்து கொடுக்கும்போதே மலமிளக்கியையும் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். லாக்டுலோஸ் என்ற இனிப்பு மருந்து குடலில் ஜலத்தை இருத்தி மலத்தை இளக்கும். அது வேலை செய்ய இரண்டு நாள் வரை ஆகலாம், பொறுமை வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் பெயரால் உலகச் சந்தையில் புகழ்பெற்ற நிலாவாரை, குடலைத் தூண்டி அசையச் செய்யும். இரவில் உட்கொண்டால் அநேகமாய்க் காலையில் பலன் தெரியும். இசப்கோலுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும். குடல் மந்தமாயிருக்கும்போது தண்ணீரில்லாமல் அதை விழுங்கினால் சிக்கல் வலுக்கும். எது, எவ்வளவு என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுக்கும் பழக்கத்தை இந்தச் சமயத்தில் ஒத்தி வையுங்கள். அது குடலை முறுக்கிப் பிசைந்து, பலஹீனமான தேகத்தை மேலும் வாட்டிவிடும். எனிமாவும், ஆசனவாயில் வைக்கும் மருந்தும் டாக்டரைக் கேளாமல் கூடவே கூடாது. தையல் அதற்கு வெகு சமீபத்தில் இருக்கலாம்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

வயிறு உப்பிக்கொண்டே போய், காற்றும் பிரியாமல், வாந்தியும் எடுத்தால், அது வெறும் மலச்சிக்கல் அன்று. குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது மலமிளக்கி எதுவும் கொடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், பொறுக்க முடியாத வயிற்று வலி, அதிக இரத்தப்போக்கு, துர்நாற்றமுள்ள கசிவு, சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவற்றுக்கும் அவ்விதமே. மூன்று நான்கு நாட்களாக மலம் போகாமல் வேதனை கூடிவந்தாலும் டாக்டருக்குத் தெரிவித்துவிடுவது நலம்.

இவ்வளவும் ஸ்திரீகளை முன்னிட்டுச் சொன்னாலும், குடலிறக்கத்துக்கும் புராஸ்டேட் சுரப்பிக்கும் ரண சிகிச்சை செய்துகொண்ட ஆண்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் ஆண்பிள்ளை ஒரு தடவை முனகினால் வீடே எழுந்து நிற்கிறது. பெண்பிள்ளையோ, வீட்டு வேலை தடைப்படுகிறதே என்ற வருத்தத்தில் தன் வலியை விழுங்கிக்கொண்டு, பத்தாம் நாளே குடத்தைத் தூக்கிவிடுகிறாள். ஒரு டம்ளர் வெந்நீர், காலடிக்கு ஒரு முக்காலி, அவசரப்படுத்தாத பத்து நிமிஷம், கூச்சமில்லாமல் கேட்கும் ஒரு கேள்வி: இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. டாக்டர் கவனமாகப் போட்ட தையலைக் கவனமாகக் காப்பாற்றுவது வீட்டார் பொறுப்பு.