கடைக்கு வரும் வாண்டு!

"கடைக்குப் போய் கால் கிலோ துவரம் பருப்பு வாங்கிட்டு வா" என்று அம்மா பையை நீட்டியதும், "நானும் வர்றேன்... நானும் வர்றேன்..." என்று உங்கள் சட்டையைப் பிடித்து இழுக்கும் தம்பியோ, தங்கையோ வீட்டில் உண்டா குட்டீஸ்? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்!

சில வாண்டுகள் தெருவில் இறங்கினால் போதும்... கோலம் போடும் அத்தை, சைக்கிள் கடை மாமா, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா என எல்லாரிடமும் பேச்சுதான். ஐந்து நிமிட வேலை, அரை மணி நேரம் ஆகிவிடும். கடை அண்ணாச்சி உங்களைக் கண்டுகொள்ளவே மாட்டார். வாண்டுக்கு மட்டும் ஒரு கடலை மிட்டாய் கிடைக்கும்! எரிச்சலாகத்தான் இருக்கும், இல்லையா?

ஒரு குழந்தை ஓடிப்போய்ப் பேசுகிறது. இன்னொன்று அம்மாவின் முந்தானைக்குள் ஒளிகிறது. ஏன் இப்படி? அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியல் அறிஞர் ஜெரோம் ககன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொருட்களைக் காட்டினார்; புதிய ஒலிகளைக் கேட்க வைத்தார். சில குழந்தைகள் கை, காலை உதறி அழுதன. சில குழந்தைகள் அமைதியாக இருந்தன. வளர்ந்த பிறகு பார்த்தால், அழுத குழந்தைகளில் பலர் கூச்சப்பட்டனர்; அமைதியாக இருந்தவர்களில் பலர் புதியவர்களிடம் எளிதாகப் பழகினர். எனவே, எல்லாரிடமும் பழகுவது உங்கள் வாண்டின் கெட்ட பழக்கம் அல்ல. அது பெரும்பாலும் கூடப் பிறந்த குணம்! அதற்காகத் திட்ட வேண்டாம்.

ஜப்பானில், 2 முதல் 6 வயது வரையுள்ள பொடிசுகளை முதல் முறையாகத் தனியே கடைக்கு அனுப்பும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று 1991 முதல் மிகப் பிரபலம். குழந்தை தனியாகத்தான் நடக்கும். ஆனால், கேமராக்காரர்கள் மறைந்து நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். போகும் வழியையும் முன்கூட்டியே சோதித்துவிடுவார்கள். பார்த்தீர்களா? அங்கேயும் காவல் இல்லாமல் விடுவதில்லை. நம் ஊரில் அந்தக் காவல், அண்ணனும் அக்காவுமான நீங்கள்தான்!

விருதுநகர் மாவட்டத்தில், 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை தொடங்கப்பட்ட ஊர் ஆலங்குளம். அங்கிருந்து ஒரு குடும்பம் ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போவதாக நினைத்துக் கொள்ளுங்கள். பதினோரு நிலைக் கோபுரத்தை எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் நேரம், வாண்டு யாரோ ஒரு பாட்டியுடன் பேசிக்கொண்டே நகர்ந்துவிடுகிறது. கூட்டமோ கூட்டம்! போலீஸ் மாமா, "எந்த ஊரும்மா?" என்கிறார். "ஆலங்குளம்!" என்று அழகாகச் சொல்கிறது வாண்டு. "அப்பா பேரு?" "அப்பாதான்!"

இது போதுமா? போதாது. திருநெல்வேலியில் இருந்து தென்காசி போகும் வழியிலும் ஓர் ஆலங்குளம் இருக்கிறதே! எந்த ஆலங்குளம் என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அதனால், கடைக்குப் போகும் வழியை ஒரு குட்டிப் பள்ளிக்கூடமாக மாற்றுங்கள். அப்பா, அம்மா பெயர், ஊர், மாவட்டம், வீட்டு செல்போன் எண்... இவற்றைப் பாட்டுப் போல ராகம் போட்டுச் சொல்லிக் கொடுங்கள். வாயாடி வாண்டுகள் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

இன்னும் சில பாடங்கள்:

* யாரிடமும் பேசலாம், சிரிக்கலாம். ஆனால், யார் கூப்பிட்டாலும், எது கொடுத்தாலும் அண்ணனையோ, அக்காவையோ கேட்ட பிறகுதான்!

* வழி தவறினால் அங்குமிங்கும் ஓடக் கூடாது. அதே இடத்தில் நின்று சத்தமாகக் கூப்பிட வேண்டும். யாரும் வராவிட்டால், பக்கத்துக் கடைக்காரரிடமோ, போலீசிடமோ சொல்ல வேண்டும்.

* சாலையில் நீங்கள் வண்டி வரும் பக்கம் நடங்கள். வாண்டு ஓரத்தில் வரட்டும். மீதிச் சில்லறை எண்ணும்போதும் கையை விடாதீர்கள்.

* குழந்தை காணாமல் போனால், உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. அவசர உதவி எண் 112. இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும் இலவச எண்கள்.

வாண்டுக்கும் ஒரு வேலை கொடுங்கள் குட்டீஸ். தீப்பெட்டியோ, சோப்போ அதன் கையில் இருக்கட்டும். "எத்தனை ரூபாய் கொடுத்தோம், எவ்வளவு மீதி?" என்று கேளுங்கள். கணக்கும் வரும், பொறுப்பும் வரும்.

தெருவே கொண்டாடும் செல்லம் உங்கள் வீட்டில் இருப்பது பெருமைதானே? அந்தச் சிரிப்பும் பேச்சும் அப்படியே இருக்கட்டும். குட்டிக் கை மட்டும் உங்கள் கைக்குள் பத்திரமாக இருக்கட்டும். சரியா?