நீச்சல் குளத்துக்குச் சுவர் டைல்சா? உஷார்!

சங்கராபுரம்:
கிணற்றில் குதித்தே நீச்சல் பழகிய ஊர் இது. கிணற்றுக்கு டைல்ஸ் தேவையில்லை. நீச்சல் குளத்துக்கு உண்டே!

விலை மலிவு என்று குளியலறைச் சுவர் டைல்சை வாங்கிப் பதித்தால் வந்தது வினை. அது 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். நாளடைவில் பெயர்ந்து, உடைந்த முனை பிள்ளைகளின் காலைக் கிழித்துவிடும். ‘போர்சிலின்’ டைல்ஸ் குடிப்பதோ 0.5 சதவீதத்துக்கும் குறைவு.

கடையிலேயே பார்த்துடலாம். டைல்சைப் புரட்டி, முதுகில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்க. சட்டென்று உறிஞ்சினால் வேண்டாம்.

படிக்கும் கரைக்கும் சொரசொரப்பான ரகம்தான் போடணும். பளபளப்புக்கு ஆசைப்பட்டால் கல்வராயன் மலை அருவிப் பாறை மாதிரி வழுக்கும். மண்டை என்னாவது?

இடுக்குகளை ‘எபாக்சி’ கொண்டு அடைப்பது நல்லது. கறை போக ஆசிட் ஊற்றித் தேய்த்தால் இடுக்கு சிமெண்ட் அரித்துப் போகும். பிரஷ் போதும். தண்ணீரின் பி.எச். அளவு 7.2-க்குக் கீழே இறங்கினாலும் அதே அரிப்புதான்.