பெயர் மாறினாலும் ஒவ்வாமை மாறாது

"ஆஸ்பிரின்தானே உங்களுக்கு ஒத்துக்காது? இது வேற மாத்திரை." மருந்துக்கடையில் சொல்லப்படும் இந்தச் சமாதானம் சிலருடைய உயிருக்கே உலை வைத்துவிடும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன், மெஃபனாமிக் அமிலம் எல்லாம் பெயரில் வேறு, வேதி அமைப்பிலும் வேறு. ஆனால், உடலுக்குள் செய்யும் வேலை ஒன்றுதான்.

காக்ஸ் என்ற நொதியை முடக்கி, புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைத் தடுத்தே இவை வலியைத் தணிக்கின்றன. 1971-ல் இதைக் கண்டறிந்த ஜான் வேன், 1982-ல் நோபல் பரிசு பெற்றார். இந்த நொதியின் ஒரு வகையான காக்ஸ்-1 முடங்கும்போது சிலருக்கு லூக்கோட்ரையீன் என்ற வேதிப்பொருள் பெருகிவிடுகிறது. பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு அடைத்து, மூச்சு இரைக்கும். சிலருக்கு உடலெங்கும் தடிப்பு, கண்ணிமையிலும் உதட்டிலும் வீக்கம். இவர்களுக்கு ஒரு மாத்திரை ஆகாதென்றால் அந்தக் கூட்டமே ஆகாது. ஆஸ்துமாவோடு மூக்கில் சதை வளர்ச்சியும் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிரெஞ்சு மருத்துவர் பெர்னாண்ட் விடால் 1922-லேயே இந்தத் தொடர்பைப் பதிவு செய்துவிட்டார்.

இன்னொரு வகையும் உண்டு. குறிப்பிட்ட ஒரு மருந்தை மட்டும் உடல் எதிரியாகப் பார்க்கும். இப்படி டைக்ளோஃபெனாக் மட்டும் ஆகாத ஒருவருக்கு இபுபுரூஃபன் ஒத்துக்கொள்ளலாம். ஆனால், டைக்ளோஃபெனாக்கின் நெருங்கிய உறவான அசெக்ளோஃபெனாக் அவருக்கும் ஆபத்துதான்.

நமக்கு எந்த வகை என்று வீட்டில் விழுங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயல்வது விபரீதம். ஊசிக்கு முன் கையில் போடும் 'டெஸ்ட் டோஸை'யும் நம்பிவிட முடியாது. முதல் வகை ஒவ்வாமையில் எதிர்ப்புப் புரதங்களுக்கு வேலையே இல்லை என்பதால் தோல் எதையும் காட்டாது. மருத்துவமனைக் கண்காணிப்பில், சிறிய அளவில் தொடங்கிக் கொடுத்துப் பார்ப்பதே முறை.

சாதாரண அளவில் பாராசிட்டமால் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது. ஒரே வேளையில் 1000 மில்லிகிராமைத் தொட்டால் சிலருக்கு அதுவும் தொல்லை தரலாம். செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகளும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். முதல் வேளையை மருத்துவர் முன்னிலையில் எடுப்பதே நல்லது.

எனக்குப் பெரிய கவலை கூட்டு மாத்திரைகள்தான். காய்ச்சலுக்கென்று வாங்கும் பாராசிட்டமாலோடு இபுபுரூஃபனோ அசெக்ளோஃபெனாக்கோ சேர்ந்திருக்கும். அட்டையின் பின்புறப் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? தயவுசெய்து படியுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். பல் பிடுங்கப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். மாத்திரை போட்டபின் மூச்சுத் திணறினாலோ நாக்கு வீங்கினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.