டி-சர்ட்டில் படம் பதிக்கும் தாள்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

காரவள்ளி, கொல்லிமலையின் அடிவாரம். இங்கிருந்து செம்மேட்டுக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த எண்ணிக்கைக்காகவே மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞர்கள் அநேகர். ஆடிப்பெருக்கை ஒட்டி நடைபெறும் வல்வில் ஓரி விழாவுக்கும் கூட்டம் திரளும். மிளகும் தேனும் விற்கும் சில்லறை வணிகர்கள், "வளைவு படம் போட்ட டி-சர்ட் விற்கலாமா?" என்று நம்மிடம் கேட்கின்றனர்.

தாராளமாக விற்கலாம். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம் தேவை. பத்து உருப்படிக்கு அது கட்டாது. டிரான்ஸ்பர் பேப்பர் முறையில் ஒன்று கேட்டாலும் உடனே போட்டுத் தரலாம். ஆனால், எல்லோரும் முதலில் கேட்பது தாளின் விலையை. முதலில் பார்க்க வேண்டியது துணியை.

1. துணி

வெள்ளை, இளநிறக் காட்டன் துணிக்கு 'லைட் பேப்பர்' போதும். இதன் படலம் கண்ணாடி போன்றது. அச்சில்லாத இடத்தில் துணியின் நிறமே தெரியும். கறுப்புத் துணியில் இதைப் பதித்தால் படமே தெரியாது. மோட்டார் சைக்கிள் இளைஞர்கள் விரும்புவதோ கறுப்பு! அதற்கு வெள்ளை அடித்தளம் உள்ள 'டார்க் பேப்பர்' வேண்டும். விலை கூடுதல்; ஓரத்தை ஒட்ட வெட்டாவிட்டால் வெள்ளைக் கரை தெரியும்.

லைட் பேப்பரில் படத்தை இடவலம் மாற்றி அச்சிட வேண்டும். டார்க் பேப்பரில் நேராகவே அச்சிட வேண்டும். இது மாறினால் '70' தலைகீழாகி, தாளும் துணியும் சேர்ந்து வீண்.

சப்ளிமேஷன் பேப்பர் வேறு வகை. இதன் மை, சூட்டில் ஆவியாகி இழைக்குள் புகுவது. வெளிர்நிறப் பாலியஸ்டருக்கே உதவும். திருப்பூர்க் காட்டன் பனியனில் நிற்காது.

2. பிரிண்டர்

இங்க்ஜெட் தாளை லேசர் பிரிண்டரில் விடவே கூடாது. உள்ளே உள்ள சூடான உருளையில் மேற்பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளும். இங்க்ஜெட்டிலும் 'பிக்மென்ட்' மை சாதாரண மையைவிடச் சலவைக்கு நன்கு தாங்கும்.

3. சூடும் அழுத்தமும்

கட்டின் மேல் சூடு, நேரம், சூட்டோடு உரிப்பதா ஆறியபின் உரிப்பதா என்பவை குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த விவரம் இல்லாத கட்டை எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம். இஸ்திரிப் பெட்டியால் எங்கும் ஒரே சீராக அழுத்த முடியாது; விற்பனைக்கு ஹீட் பிரஸ் அவசியம். பதிக்கும் முன் துணியைச் சில விநாடி அழுத்தி ஈரத்தைப் போக்க வேண்டும்.

4. இருப்பு

மழைக்காலத்தில் திறந்து கிடக்கும் தாள் ஈரம் வாங்கிச் சுருளும். மையும் பரவும். உறையை மூடி, படுக்கை வசமாக வையுங்கள். விழாக் காலம் என்று ஒரேயடியாக நிறைய வாங்கி அடுக்காதீர்கள்.

5. கணக்கு

ஒரு தாள் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 தாளில் 2 வீணானால் உண்மை அடக்கம் 25 ரூபாய். வீணாகாத 24 ரூபாய்த் தாளே மலிவு. கெட்டுப்போகும் டி-சர்ட்டின் விலை இதில் சேரவில்லை.

எந்தத் தாளானாலும் முதலில் மாதிரி வாங்கி, ஒரு துணியில் பதித்து, ஒருநாள் விட்டு, ஐந்து முறை துவைத்துப் பாருங்கள். வெடிப்பு, உரிதல் இல்லையென்றால் மொத்தமாக வாங்கலாம். நடிகர் படம், மோட்டார் சைக்கிள் நிறுவனச் சின்னம் ஆகியவற்றை அனுமதியின்றிப் போடாதீர்கள், வழக்கு வரும். நமது வளைவும் அருவியும் போதும்.

விற்கும்போது, "உட்புறம் வெளியே வருமாறு திருப்பித் துவையுங்கள், படத்தின் மேல் இஸ்திரி போடாதீர்கள்" என்று சொல்லிக் கொடுங்கள்.

உள்ளூர் வாடிக்கையாளர் குறையிருந்தால் திரும்பி வந்து சண்டை போடுவார். சரிசெய்து கொடுத்து நட்பைக் காப்பாற்றலாம். சுற்றுலாப் பயணி திரும்பி வரமாட்டார். முதல் சலவையில் படம் உரிந்தால், கொல்லிமலைக் கடைக்காரர் ஏமாற்றினார் என்றுதான் ஊரில் சொல்வார். அந்தப் பழி ஒரு கடையோடு நிற்காது. மலைப்பாதையில் கடை வைத்திருக்கும் நம் அனைவரையும் சேரும். தாளில் நாலு ரூபாய் மிச்சம் பிடிக்கும் முன் இதை எண்ணிப் பார்ப்போம்.