தந்தையைத் தேடிய மைந்தன்: ஷாஹ்நாமாவின் இளவீரர்கள்

"நீ ஆருடைய மகள்?" நம் ஊர்களில் பெரியவர்கள் ஒரு பிள்ளையைக் கண்டதும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். வாப்பாவின் பெயரையோ, அப்பாவின் பெயரையோ சொன்னதும் கேட்டவரின் முகம் மலர்கின்றது. யாரென்று அறியாத பிள்ளை அந்த நொடியிலேயே தெரிந்த பிள்ளையாகி விடுகின்றது. இந்த எளிய கேள்விக்கு விடை தெரியாமல் வளர்ந்த ஒரு சிறுவனின் கதை பாரசீக மொழியில் உண்டு. விடையைத் தேடி அவன் ஒரு படையோடு புறப்பட்டான். தேடியவரைக் கண்டும் விட்டான். ஆனால் கண்டவர் யாரென்று அறிந்தபோது காலம் கடந்திருந்தது.

அவன்தான் ஸுஹ்ராப். அவனது கதை இடம்பெறும் நூல் ஷாஹ்நாமா, அதாவது அரசர்களின் நூல். ஈரானின் குராஸான் பகுதியிலுள்ள தூஸ் நகரைச் சேர்ந்த கவிஞர் பிர்தௌஸி இதனை இயற்றினார். ஏறத்தாழ 50,000 ஈரடிப் பாக்களைக் கொண்ட இக்காவியத்திற்காக அவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து, 1010ஆம் ஆண்டளவில் நிறைவு செய்தார். பிர்தௌஸி ஒரு முஸ்லிம். அவர் பாடிய கதைகளோ இஸ்லாம் ஈரானுக்கு வருவதற்கு முன்னிருந்து மக்கள் வாயில் வழங்கி வந்த பழங்கதைகள். அவை வரலாறு அல்ல. எனினும் மனித மனத்தைப் பற்றி அவை சொல்பவை இன்றும் பொருந்துகின்றன.

கேள்வி கேட்ட சிறுவன்

ஈரானின் மாபெரும் வீரன் ருஸ்தம். ஒருநாள் வேட்டைக்குச் சென்றபோது ரக்ஷ் என்னும் தன் குதிரையைப் பறிகொடுத்து, அதனைத் தேடி ஸமங்கான் நகரை அடைகின்றான். அங்குள்ள அரசனின் மகள் தஹ்மீனாவை மணம் முடிக்கின்றான். பிரியும் வேளையில் ஒரு மணியை அவளிடம் கொடுக்கின்றான். மகள் பிறந்தால் கூந்தலிலும், மகன் பிறந்தால் புயத்திலும் அதனை அணிவிக்கும்படி கூறிச் செல்கின்றான். பின்னர் அவன் திரும்பி வரவில்லை.

பிறந்த மகன் ஸுஹ்ராப் தன் வயதுக்கு மீறி வளர்கின்றான். பத்து வயதில் அவனோடு மோத அந்த நாட்டில் எவரும் இல்லை. ஒருநாள் அவன் தாயிடம் வந்து கேட்கின்றான்: மற்றப் பிள்ளைகளைவிட நான் ஏன் வேறுபட்டிருக்கின்றேன்? என் தந்தை யாரென்று எவரேனும் கேட்டால் நான் என்ன சொல்வது?

தஹ்மீனா உண்மையைச் சொல்லி விடுகின்றாள். ருஸ்தம் அனுப்பிய மடலையும் மாணிக்கங்களையும் காட்டுகின்றாள். தூரான் நாட்டு மன்னன் அப்ராசியாப் ருஸ்தமின் பகைவன் என்பதால், அவன் காதுக்கு இது எட்டக் கூடாது என்றும் எச்சரிக்கின்றாள்.

இங்கே ஸுஹ்ராபின் சிக்கலை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஈரானும் தூரானும் தலைமுறை தலைமுறையாகப் போரிட்ட நாடுகள். அவன் தந்தை ஈரானின் தூண். அவன் வளர்ந்ததோ தூரானின் பக்கத்தில். அவன் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவன்?

அவனிடம் ஒரு விடை இருந்தது. ஈரான் மீது படையெடுத்து, அறிவற்ற மன்னன் கைகாவூஸை அகற்றித் தந்தையை அரியணையில் ஏற்றுவது, பின் தந்தையோடு சேர்ந்து அப்ராசியாபையும் வீழ்த்துவது என்பதே அவனது திட்டம். இரு நாடுகளில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டிய நிலையையே இல்லாமல் செய்துவிட அவன் நினைத்தான். இது ஓர் இளைஞனின் கனவு. அழகானது. ஆனால் அதை நிறைவேற்ற அவன் பயன்படுத்தியது பகைவனின் படையை.

அப்ராசியாப் இதனைக் கேட்டு மகிழ்ந்தான். ஹூமான், பார்மான் என்னும் இரு தளபதிகளோடு பெரும்படையையும் பரிசுகளையும் அனுப்பினான். தந்தையும் மகனும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளக் கூடாது என்பதே அவன் இரகசியமாக இட்ட கட்டளை. ருஸ்தம் மகன் கையால் இறக்கட்டும், பின்னர் மகனை உறக்கத்தில் முடித்துவிடலாம் என்பது அவன் எண்ணம். ஸுஹ்ராபுக்குக் கிடைத்த உதவிக்குள்ளேயே அவனுக்கான பொறியும் இருந்தது.

தலைக்கவசம் கழன்றபோது

எல்லையில் வெண்கோட்டை என்றொரு காவற்கோட்டை. அதன் வீரன் ஹஜீரை ஸுஹ்ராப் எளிதில் சிறைப்பிடிக்கின்றான். அதைக் கண்டு கோட்டைத் தலைவர்களுள் ஒருவரான கஸ்தஹமின் மகள் குர்தாபரீத் கவசம் அணிந்து, கூந்தலைத் தலைக்கவசத்துள் மறைத்துக்கொண்டு தனியாகக் களத்தில் இறங்குகின்றாள்.

கடும்போரின் நடுவே அவளது தலைக்கவசம் கழன்று கூந்தல் அவிழ்கின்றது. எதிரே நின்றவள் ஒரு பெண் என்றறிந்து திகைக்கின்றான் ஸுஹ்ராப். பிடிபட்ட நிலையில் குர்தாபரீத் பதறவில்லை. ஒரு பெண்ணோடு இவ்வளவு நேரம் போரிட்டான் என்று இரு படைகளும் உன்னை எள்ளி நகையாடும், ஆகவே இதை நமக்குள் முடிப்போம், கோட்டை உனக்குத்தான் என்று நயமாகப் பேசி அவனை வாயில் வரை அழைத்துச் செல்கின்றாள். உள்ளே நுழைந்ததும் கதவு மூடப்படுகின்றது. மதில்மேல் தோன்றி, திரும்பிப் போய்விடு என்கின்றாள். அன்றிரவே கோட்டையிலிருந்தவர்கள் நிலவறை வழியாக வெளியேறி விடுகின்றனர்.

குர்தாபரீத் சில பக்கங்களில் மட்டுமே வருகின்றாள். ஆனால் இக்கதையில் தான் யார், யாருக்காக நிற்கின்றேன் என்பதில் ஐயமே இல்லாத இளம் பாத்திரம் அவள்தான். உடற்பலம் கைவிட்ட இடத்தில் மதிநுட்பத்தால் தன் மக்களைக் காக்கின்றாள். இன்னொன்றும் உண்டு. ஸுஹ்ராபைப் பார்த்து, நீ தூரானியரைப் போல் தோன்றவில்லையே என்று சொல்பவளும் அவளே. அவனைச் சூழ்ந்திருந்தவர்கள் மறைத்த உண்மையின் ஓர் ஓரத்தைக் களத்தில் எதிர்த்து நின்றவள் கண்டுகொள்கின்றாள்.

மறைக்கப்பட்ட ஒரு பெயர்

இரு படைகளும் எதிரெதிரே பாசறை அமைக்கின்றன. இப்போது ஸுஹ்ராபுக்குத் தேவையானது ஒரேயொரு பெயர். அது அவனுக்குக் கிடைக்காமற் போன விதமே இக்காவியத்தின் உயிர்நாடி எனலாம்.

தஹ்மீனா தன் மகனோடு ஸிந்தே ரஸ்ம் என்னும் உறவினனை அனுப்பியிருந்தாள். ருஸ்தமைக் கண்டால் அடையாளம் காட்ட வேண்டியவன் அவன். இரவில் மாறுவேடத்தில் வேவு பார்க்க வந்த ருஸ்தம், தன்னை யாரென்று விசாரித்த அவனை ஒரே குத்தில் கொன்றுவிடுகின்றான். உண்மையின் முதற் சாட்சி இவ்வாறு மறைகின்றது.

மறுநாள் ஸுஹ்ராப், கைதியான ஹஜீரை உயரமான இடத்துக்கு அழைத்துச் சென்று கூடாரங்களைக் காட்டிக் கேட்கின்றான். அந்தப் பச்சைக் கூடாரம் யாருடையது? அது ருஸ்தமின் கூடாரம். ஹஜீரோ, சீனத்திலிருந்து வந்த ஒரு வீரனுடையது என்கின்றான். இந்த வாலிபன் ருஸ்தமைக் கொன்றுவிட்டால் ஈரானுக்கு யார் காவல் என்று அவன் அஞ்சுகின்றான். ஆசை காட்டியும் மிரட்டியும் அவன் வாய் திறக்கவில்லை. ஹஜீர் கெட்டவன் அல்லன். நாட்டுப்பற்று மிக்கவன். ஆனால் எந்த வீரனைக் காக்க எண்ணிப் பொய் சொன்னானோ, அந்த வீரனின் வாழ்வையே அவன் பொய் சிதைத்தது.

மூன்றாவதாக, ருஸ்தமே தன் பெயரை மறைக்கின்றான். களத்தில் சந்தித்ததும் ஸுஹ்ராபின் உள்ளம் இளகுகின்றது. நீங்கள்தான் ருஸ்தம் என்று எனக்குத் தோன்றுகின்றது என்கின்றான். இல்லை, நான் அவனைவிடத் தாழ்ந்த ஒருவன் என்று விடை வருகின்றது. மறுநாளும் ஸுஹ்ராப், போரை நிறுத்தி அமர்ந்து பேசுவோமா என்று கேட்கின்றான். ருஸ்தம் மறுத்துவிடுகின்றான். தனக்கொரு மகன் ஸமங்கானில் இருப்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் இன்னும் பால்குடி மாறாத குழந்தை என்றே எண்ணியிருந்தான். பிள்ளை வளர்ந்துவிட்டான் என்பதை அந்தத் தந்தை அறியவில்லை.

மற்போரில் ஸுஹ்ராப் ருஸ்தமை வீழ்த்திக் கத்தியை உருவுகின்றான். முதல்முறை விழுந்தவனைக் கொல்வது எங்கள் வழக்கமில்லை என்று ருஸ்தம் சொல்ல, அதை நம்பி விட்டுவிடுகின்றான். அடுத்த முறை வீழ்ந்தவன் ஸுஹ்ராப். ருஸ்தம் அந்த வழக்கத்தைப் பேணவில்லை. உயிர் பிரியும் வேளையில் அந்த வாலிபன், என் தந்தை ருஸ்தம் உன்னைப் பழிவாங்குவார் என்கின்றான். பின்னர்தான் புயத்து மணி வெளிப்படுகின்றது.

ருஸ்தம் உயிர்காக்கும் மருந்தைக் கேட்டு மன்னனிடம் ஆளனுப்புகின்றான். இருவரும் சேர்ந்தால் தன் அரியணைக்கு ஆபத்தென்று கைகாவூஸ் மறுத்துவிடுகின்றான். காலமெல்லாம் எந்த மன்னனுக்காகப் போராடினானோ, அவனே கைவிட்டான். ஸுஹ்ராபோ இறக்கும் தறுவாயிலும், தன்னை நம்பி வந்த தூரானியப் படையினருக்குத் தீங்கு செய்ய வேண்டாமென்று தந்தையிடம் வேண்டுகின்றான். அவன் தேடிய பெயர் அவனுக்குப் பயன்படவில்லை. அவனுடைய குணம் மட்டும் இறுதிவரை அவனோடு இருந்தது.

கர்ணனும் ஸுஹ்ராபும்

தமிழில் பாரதக் கதை படித்தவர்களுக்குக் கர்ணன் நினைவுக்கு வரக்கூடும். அவனும் பெற்றோரை அறியாது வளர்ந்தவன். ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. போருக்கு முன்பே கர்ணனுக்குத் தன் பிறப்பு தெரிவிக்கப்படுகின்றது. எதிரே நிற்பவர்கள் தம்பியர் என்று அறிந்தும், தன்னை மதித்து வாழ்வளித்த துரியோதனனோடு நிற்பதை அவன் தெரிவு செய்கின்றான். அது சரியா தவறா என்று நாம் விவாதிக்கலாம். ஆனால் அது அவனுடைய தெரிவு. ஸுஹ்ராபுக்கு அந்த வாய்ப்பே தரப்படவில்லை. உண்மை தெரிந்தவனுக்கே தெரிவு என்ற ஒன்று உண்டு. உண்மையை மறைப்பவர்கள் ஒருவனிடமிருந்து பறித்துக்கொள்வது அதைத்தான்.

நமக்கு என்ன இருக்கிறது?

மாணவியராகிய நாம் இதிலிருந்து சிந்திக்கப் பல உண்டு. இன்னாரின் மகள் என்பது பெருமைதான். அது நம் அடையாளத்தின் தொடக்கம். ஆனால் ஸுஹ்ராப் தன்னிடம் இருந்த வீரம், இரக்கம், பெருந்தன்மை எல்லாவற்றையும் விட ஒரு பெயரையே பெரிதாகக் கருதினான். அந்த ஏக்கத்தை அறிந்த பகைவன் அதனையே கயிறாக்கி அவனை இழுத்துச் சென்றான். நமது ஏக்கங்களைப் புரிந்துகொண்டு உதவ வருபவர்கள் எல்லோரும் நம் நலம் நாடுபவர்கள் அல்லர். உதவி கிடைக்கும்போது, இதனால் இவருக்கு என்ன பயன் என்று ஒரு கணம் நின்று கேட்பது நன்றிகெட்ட செயல் ஆகாது.

விசுவாசம் என்பதும் கண்மூடி நிற்பதன்று. ஹஜீரும் விசுவாசிதான், குர்தாபரீதும் விசுவாசிதான். ஒருவரின் விசுவாசம் அச்சத்தால் வாயை மூடியது. மற்றவரின் விசுவாசம் நிலைமையை அறிந்து மக்களைக் காப்பாற்றியது.

பெற்றோருக்கும் இக்கதை ஒன்று சொல்கின்றது. பிள்ளை கேட்கும் கடினமான கேள்விக்குத் தஹ்மீனா உண்மையான விடை சொன்னாள். ருஸ்தம் பொன்னும் மணியும் அனுப்பினான், தான் மட்டும் வரவில்லை. தொலைவில் உழைத்துப் பிள்ளைகளுக்காக அனுப்பும் தந்தையர் நம்மிடையே பலர். அவர்களது தியாகம் பெரிது. என்றாலும் அனுப்பும் பொருளோடு, இன்று நீ எவ்வளவு வளர்ந்திருக்கின்றாய் என்று கேட்டறியும் ஒரு பேச்சும் சேர்ந்து வந்தால், பிள்ளை அந்தக் குரலை எங்கு கேட்டாலும் அறிந்துகொள்ளும்.

ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் ஈரானியர் இக்கதையைக் கேட்டுக் கண்ணீர் விடுகின்றனர். அந்தக் களத்தில் தந்தையின் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் போதும், மகன் பிழைத்திருப்பான். அந்தச் சொல் அவரது சொந்தப் பெயர்.